எங்கும் செல்லாத பாதைகள்

பாதை என்பது போய்ச் சேருவதற்காக ஏற்பட்டது. ஊரையும் ஊரையும் இணைப்பது பாதை. வீட்டையும் கடையையும், வயலையும் களத்தையும், துறைமுகத்தையும் சந்தையையும் இணைப்பதும் அதுவே. போய்ச் சேரவேண்டிய இடம் எது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குரிய வழியைப் பிறகு தேடுவதுதான் மனித வழக்கம். மருந்து வாங்கப் புறப்பட்டவன் மருந்துக் கடை இருக்கும் தெருவில்தான் போவான். பக்கத்துத் தெருவில் வேம்பு நிழல் தருகிறது என்பதற்காக அங்கே திரும்பமாட்டான். இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கி, சேருமிடமே இல்லாமல் பாதையை மட்டும் தேர்ந்தெடு என்று மனிதனைக் கேட்கும் ஒரு சாதனம் நம் காலத்தில் வந்திருக்கிறது. அது நம் உள்ளத்தில் எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றியும், அதனைக் கொண்டு நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறோம்.

சாதனத்தை அறியாத வாசக அன்பர்களுக்காகச் சில சொற்கள். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை ஓர் இரும்புப் பெட்டியின் பல்சக்கரத்தில் மாட்டுகிறார்கள். பெட்டிக்குள் கனத்த சுழல்சக்கரம், அதனருகே மின்காந்தம். காந்தத்தின் பிடி கூடினால் மிதி கனக்கும், குறைந்தால் இலகுவாகும். எதிரே ஒரு திரை. நாம் மிதிக்கும் வலிமை வாட் கணக்கில் அளக்கப்படுகிறது. நாம் எழுதிக் கொடுத்த உடல் எடையோடு சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கேற்ற வேகத்தில் திரையில் ஓர் உருவம் ஓடுகிறது. திரையில் மேடு வந்தால் காந்தம் இறுகும். பள்ளம் வந்தால் தளரும். சைக்கிளோ அறையை விட்டு ஓர் அங்குலமும் நகர்வதில்லை. இத்தகைய செயலிகள் இன்று பல. நம் வீட்டில் இருப்பது 2014-இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய ஜ்விஃப்ட் என்பது. வெளிநாட்டில் பணியாற்றும் நம் மகன் இரண்டாண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது இதைப் பூட்டிவைத்துவிட்டுப் போனான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நம் இதயத்தின் குழாய் ஒன்றில் அடைப்பு நீக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் மிதிக்கலாம், ஆனால் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் எல்லை கட்டியிருந்தார்.

திரையைத் திறந்ததும் முதலில் வருவது சாலைகளின் பட்டியல். நூற்றுக்கு மேற்பட்ட பாதைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், நீளம், ஏற்றத்தின் உயரம். லண்டன் உண்டு, பாரிஸ் உண்டு. 2015-இல் உலக சைக்கிள் போட்டி நடந்த அமெரிக்க ரிச்மண்டும், 2018-இல் நடந்த ஆஸ்திரிய இன்ஸ்ப்ருக்கும், 2019-இல் நடந்த இங்கிலாந்தின் யார்க்ஷயரும் உண்டு. நியூயார்க் நகரில் இன்னும் கட்டப்படாத, கட்டப்படப் போவதுமில்லாத கண்ணாடிச் சாலைகள் பூங்காவுக்கு மேலே வளைந்து செல்கின்றன. இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக நிற்பது வாட்டோப்பியா என்னும் கற்பனைத் தீவு. அங்கே எரிமலைக்குள் ஒரு சாலை, கடலடியில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சாலை, பாலைவனத்தில் ஒரு சாலை. நாம் தொடங்கிய நாட்களில் வாட்டோப்பியா எந்நாளும் திறந்திருக்க, மற்ற ஊர்கள் முறைவைத்துத் திறந்தன. இன்று லண்டன் இல்லை, நாளை மறுநாள் வா என்று திரை சொல்லும்போது, இல்லாத ஊருக்கும் விடுமுறை நாள் உண்டா என்று வியந்திருக்கிறோம்.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். வாட்டோப்பியா கற்பனையே எனினும், அதை வரைந்தவர்கள் உலகப் படத்தில் அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. சாலமன் தீவுகளில் வனிகோரோவை ஒட்டியுள்ள தியானு என்னும் சிறு தீவின் மீது அதை வைத்தார்கள். மிதித்து முடித்தபின் படத்தைத் திறந்தால், நாம் ஓடிய கோடு அந்த மெய்யான தீவின் மேலும் அதைச் சூழ்ந்த கடலின் மேலும் கிடக்கும். 1788-இல் லா பெரூஸ் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் இரு கப்பல்களும் பாறைகளில் மோதி அழிந்தது அந்த வனிகோரோக் கரையில்தான். அவருடைய கதி யாது என்று நாற்பதாண்டுகள் வரை ஐரோப்பாவுக்குத் தெரியவில்லை. அக்கடலின் மேல், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கவலை ஏதுமின்றி நாம் நாள்தோறும் சென்று வந்திருக்கிறோம். அத்தீவின் மக்களுக்கு நம்மைத் தெரியாது. நமக்கும் அவர்களைத் தெரியாது. இதில் குற்றம் ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனத்தில் ஒரு சிறு உறுத்தல் உண்டு.

இனிக் கேள்விக்கு வருவோம். எல்லாப் பாதைகளும் ஒரே நாற்காலியில் தொடங்கி அதே நாற்காலியில் முடிகின்றன என்றால், ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்வதற்குக் காரணம் என்ன?

இக்கேள்வி புதியதன்று. தூஸ் நகரில் 1058-இல் பிறந்து 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தத்துவவாதிகளை மறுத்து எழுதிய 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' என்னும் நூலில் இதையொத்த ஓர் உவமையைக் காட்டியிருக்கிறார்கள். ஒருவன் முன்னே இரண்டு பேரீச்சம்பழங்கள். நிறத்தில், அளவில், கைக்கெட்டும் தொலைவில் இரண்டும் ஒன்றே. அவனுக்கோ ஆவல் மிகுதி; ஆனால் இரண்டையும் எடுக்க இயலாது. ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று காட்டக் காரணம் ஏதுமில்லை என்பதால் அவன் எடுக்காமலே திகைத்து நிற்பானா? நிற்கமாட்டான், ஒன்றை எடுப்பான். ஒத்திருக்கும் இரண்டில் ஒன்றை வேறுபடுத்திக் கொள்ளும் பண்புக்குத்தான் நாட்டம் என்று பெயர் என்பது இமாம் அவர்களின் வாதம். உலகம் வேறொரு கணத்தில் தோன்றாமல் குறித்த அக்கணத்தில் தோன்றியது ஏன் என்னும் பெரும் வினாவுக்கு விடை தேடும் இடத்தில் இவ்வுவமை வருகிறது. நாம் அதை ஒரு சைக்கிளின் பக்கம் இழுத்து வருவதற்காக அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொர்தோவா நகரத்து இப்னு ருஷ்து (1126-1198) இதற்கு மறுமொழி எழுதினார். அம்மனிதன் ஒத்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தான் என்பதே தவறு. அவன் எடைபோட்டது எடுப்பதையும் எடுக்காமல் விடுவதையுமே. எந்தப் பழம் கைக்கு வந்தாலும் அவன் தேவை நிறைவேறும். ஆகவே இதுவா அதுவா என்ற தேர்வு அங்கே நடக்கவேயில்லை என்பது அவர் கருத்து. பின்னாளில் ஐரோப்பியர் இதே புதிரை இரண்டு வைக்கோல் போர்களுக்கு நடுவே பட்டினி கிடந்து சாகும் கழுதையின் கதையாகச் சொல்லி, அதை பூரிடான் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரோடு ஒட்டிவிட்டார்கள். அவருடைய நூல்களில் அக்கழுதையைக் காணவில்லை என்கிறார்கள்.

முதல் ஓராண்டு நாம் இப்னு ருஷ்தின் கட்சியில் இருந்தோம். மிதிப்பதா, மிதிக்காமல் விடுவதா என்பதுதான் கேள்வி. எந்தச் சாலை என்பது ஒரு பொருட்டன்று என்றிருந்தோம். பாலைவனத்தில் டெம்பஸ் ஃபியூஜிட் என்றொரு பாதை உண்டு. காலம் பறக்கிறது என்பது அந்த இலத்தீன் பெயரின் பொருள். 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மொத்த ஏற்றம் 20 மீட்டர்கூட இல்லை. மேசை போன்ற சமவெளி. நாள்தோறும் அதிலேயே போனோம். எந்தப் பாதையும் ஒன்றே என்று சொல்லிக்கொண்டவர் எப்போதும் ஒரே பாதையில் போனது எங்ஙனம் என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தபோதுதான் நம் வாதத்தின் ஓட்டை தெரிந்தது. மெய்யாகவே ஒன்றாயிருந்தால் இன்று இதிலும் நாளை அதிலும் கால் தானாகப் போயிருக்க வேண்டும். நாம் பட்டியலைப் படித்ததே இல்லை. ஏற்றத்தின் உயரம் எழுதியிருக்கும் இடத்தில் மூன்று இலக்கம் கண்டால் கண் தாண்டிவிடும். அச்சத்துக்கு நாம் அலட்சியம் என்று பெயரிட்டு வைத்திருந்தோம்.

பழத்துக்கும் பாதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதை அதன்பின் உணர்ந்தோம். பழத்தைத் தேர்ந்தவனுக்கு எடுத்த கணத்திலேயே தேர்வு முடிந்துவிடுகிறது. பாதையைத் தேர்ந்தவனையோ அப்பாதை முடியும்வரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. மெய்யான மலையிலும் இப்படித்தானே என்று கேட்கலாம். இல்லை. மெய்யான மலையில் பாதிவழி போனவன் இறங்கியாவது வரவேண்டும். திரும்புவதற்கும் ஒரு பாடு உண்டு. இருட்டும், குளிரும், பசியும் அவனைத் தாங்கிப் பிடித்து நடத்தும். அறையில் அவ்வாறு யாதொன்றும் இல்லை. காலைக் கீழே ஊன்றினால் மலை மறைந்துவிடும். அடுத்த அறையில் தேநீர் கொதிக்கும் ஓசை கேட்கிறது. ஒவ்வொரு நிமிடமும் விட்டுவிடலாம். விட்டால் அறிவாரில்லை. ஆகவே இங்கே ஒரு பாதையைத் தேர்வது, தொடக்கத்தில் ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. தனக்குத்தானே கொடுத்துக்கொண்டு நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்க வேண்டிய ஒரு வாக்கு.

ராபர்ட் நோசிக் என்னும் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1974-இல் எழுதிய நூலொன்றில், விரும்பிய அனுபவத்தையெல்லாம் மூளைக்குள் ஊட்டும் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்து, அதில் வாழ்நாள் முழுதும் இணைந்துகொள்ள நாம் சம்மதிப்போமா என்று கேட்டார். நம்முடைய சாதனத்தையும் அவ்வகையில் சேர்த்துப் பொய்யென்று தள்ளுவோர் உண்டு. அது சரியன்று. அவருடைய இயந்திரத்தில் மனிதன் ஒன்றையும் செய்வதில்லை, செய்ததாக உணர்கிறான். இதிலோ மலை பொய், மூச்சிரைப்பு மெய். நம்மை அலைக்கழித்தது இந்தக் கலப்புத்தான்.

இனி நம் பிழையைச் சொல்கிறோம்.

பிரான்சில் ஆல்ப் துவேஸ் என்றொரு மலைச் சாலை. 1952-இல் முதன்முதலாக டூர் தெ பிரான்ஸ் பந்தயம் அதன் உச்சியில் முடிந்தபோது இத்தாலியின் ஃபௌஸ்டோ கொப்பி வென்றார். 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை. கீழிருந்து போகிறவன் 21-இல் தொடங்கி ஒன்றுக்கு வரவேண்டும். இச்சாலையைப் படியெடுத்து வாட்டோப்பியாவில் 'ஆல்ப் து ஜ்விஃப்ட்' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். 12 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளம். 1,036 மீட்டர் உயரம். சராசரிச் சரிவு எட்டரை விழுக்காடு. அச்சத்தை அலட்சியம் என்று அழைத்தது தெரிந்தபின், அதற்குப் பரிகாரம் போல, ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அதைத் தேர்ந்தோம். இரண்டு மணி பத்து நிமிடம் பிடித்தது. உச்சியில் ஒரு பரிசுச் சக்கரம் சுழன்று நமக்கு ஒரு கையுறை தந்தது. திரையில் உள்ள உருவம் மட்டுமே அணியக்கூடிய கையுறை.

அன்று மாலை, நாம் காக்கா என்று அழைக்கும் மூத்த நண்பர் ஒருவரிடம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர், "இன்று ஆல்ப்ஸ் மலைச் சாலை ஒன்றை ஏறி முடித்தோம், ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்" என்று சொன்னோம். அவர் மகிழ்ந்தார். நாமும் மகிழ்ந்தோம். இரவில் ஓர் உறுத்தல் வந்தது.

செயலியில் சரிவின் உணர்வைக் கூட்டவோ குறைக்கவோ ஓர் அமைப்பு உண்டு. தொடக்கத்திலேயே அது 50 விழுக்காட்டில்தான் இருக்கும். பத்து விழுக்காட்டுச் சரிவு வந்தால் மிதியில் ஐந்து விழுக்காட்டின் கனமே தெரியும். நாம் அதை மாற்றவில்லை. ஆகவே பாதி மலையைத்தானே ஏறினோம். காக்காவிடம் முழு மலை என்று சொல்லிவிட்டோமே என்று மனம் குத்தியது.

குத்திய மனத்தை நம்பி உடனே தண்டனை எழுதிக்கொள்ளாமல், கணக்கை எடுத்துப் பார்த்தோம். ஒரு பொருளை உயரே கொண்டுசெல்லத் தேவையான ஆற்றல், அதன் எடையையும் ஏறும் உயரத்தையும் பொறுத்தது. செயலியில் நம் எடை 72 கிலோ. சைக்கிளுக்கு ஏறத்தாழ எட்டு கிலோ சேர்த்தால் 80. இந்த 80 கிலோவை 1,036 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 813 கிலோஜூல் வேண்டும். சரிவின் அமைப்பு 50-இல் இருந்தாலும் 100-இல் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அமைப்பைக் குறைத்தால் மிதி இலகுவாகிறது; ஆனால் அதே வேகத்தில் போக அதே வாட் வேண்டும்; இன்னும் விரைவாகக் காலைச் சுழற்றி அதைக் கொடுக்க வேண்டும். சிறு பற்களுடைய கியர் இல்லாதவனுக்கு ஒரு கியரைக் கூட்டித் தருவது போன்றது அது. உழைப்பில் ஒரு துளியும் அது குறைப்பதில்லை. குறைவது கட்டாயம் மட்டுமே. செங்குத்தான சரிவில் மிதி நின்றுவிடுமோ என்னும் அச்சம் மட்டுமே. நெஞ்சு குளிர்ந்தது. நாம் பொய் சொல்லவில்லை என்று தூங்கிப்போனோம்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவரிடம் போனபோது எடை பார்த்தார்கள். 78 கிலோ.

72 என்பது நம் மகன் பெட்டியைப் பூட்டிய நாளின் எடை. அதற்குப் பின் அந்த எண்ணை நாம் திறந்து பார்க்கவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே கணக்குத் தானாக ஓடியது. 78-உடன் எட்டு சேர்ந்தால் 86. அதை 1,036 மீட்டர் உயர்த்த 874 கிலோஜூல் வேண்டும். நாம் கொடுத்தது 813. அந்த உழைப்பில் இந்த உடலும் இந்தச் சைக்கிளும் ஏறத்தாழ 964 மீட்டர்தான் ஏறியிருக்கும். 72 மீட்டர் குறைவு. 21 வளைவுகளில் கடைசி ஒன்றரை வளைவு நாம் ஏறாதது. உச்சியில் சுழன்ற சக்கரத்துக்குக் கீழே, ஒரு திருப்பத்துக்கு அப்பால், நாம் இன்னும் நின்றுகொண்டிருந்தோம்.

இதில் நமக்கு வியப்பூட்டியது குறைவின் அளவன்று. குற்றமில்லாத இடத்தில் மனம் குத்தியது. குற்றம் இருந்த இடத்தில் குத்தவேயில்லை. சரிவின் அமைப்பு கண்ணெதிரே இருந்தது, மாற்றக்கூடியதாக இருந்தது, ஆகவே அதில் ஐயம் பிறந்தது. எடையோ நமக்குப் பழகிப்போன எண். அது நாமே என்று நினைத்துவிட்டோம். இப்படி நாம் திறந்து பார்க்காமல் வைத்திருக்கும் பழைய எண்கள் வேறு எத்தனையோ! வயது, வருவாய், நமக்குத் தெரிந்தவை, நம் பெருந்தன்மை ஆகியவற்றைப் பற்றி என்றோ எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் இன்றும் கணக்குப் போடுகிறோம்.

தனி அறையில் தனக்குத்தானே விளையாடும் விளையாட்டில் ஆறு கிலோ முன்பின்னாக இருந்தால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்பவர் உண்டு. பிறரோடு ஓடும்போது இழப்பு வெளிப்படை. 2019-இல் பிரிட்டனின் தேசியப் பட்டத்தை இவ்வகைப் பந்தயத்தில் வென்ற ஓர் இளைஞர், தாம் ஏறிய சைக்கிளைப் பெற்ற விதத்தால் அப்பட்டத்தை இழந்தார். 50,000 மீட்டர் ஏறினவர்க்கே கிடைக்கும் திரைச் சைக்கிள் அது. ஏற்றத்தை அவர் கால்கள் ஏறவில்லை. கணினி நிரல் ஒன்று ஏறிக் கொடுத்தது. பட்டம் பறிபோயிற்று; 250 பவுன் தண்டம்; ஆறு மாத விலக்கு. பந்தய நாளில் அவர் மிதித்ததோ மெய்யான மிதிதான். 2020 டிசம்பரில் இதே வாட்டோப்பியாவில் முதல் உலகப் போட்டி நடந்தபோது ஆண்களில் வென்றவர் ஜேசன் ஆஸ்போர்ன் என்னும் ஜெர்மன் படகோட்டி வீரர். ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர். இல்லாத சாலையில் இருக்கும் வலிமை வென்றது என்று அன்று பலரும் பேசினார்கள். அந்த வெற்றிக்கு மதிப்பு உண்டாவது, ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்த எடை மெய்யென்று நம்ப முடிந்தால்தான். மலையையும் காற்றையும் கணக்கால் செய்துகொண்ட உலகில், மனிதன் தரும் எண்ணைத் தவிர வேறு சாட்சியில்லை.

தனியறைக்கும் இதில் விலக்கில்லை என்பதை நாம் வேறு வழியில் அறிய நேர்ந்தது. எடையைத் திருத்தியபின் காக்காவிடம் சொல்லிவிடலாம் என்று போனோம். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தோம். அதற்குள் நம் மலை அவர் வீட்டில் ஒரு வேலையைச் செய்துவிட்டிருந்தது. அவருடைய தங்கை மகன் ஒருவர். நாற்பது வயதுக்குள்ளேயே இதய சிகிச்சை பெற்று, அதன்பின் மாடிப்படி ஏறவும் அஞ்சி, கீழ் அறையிலேயே காலம் கழித்துக்கொண்டிருந்தார். அவரிடம் காக்கா, "உன்னைப் போலவே நெஞ்சில் வைத்தியம் செய்துகொண்டவர், உன்னைவிட இருபது வயது மூத்தவர், ஆயிரம் மீட்டர் மலை ஏறியிருக்கிறார்; நீ பன்னிரண்டு படிக்கு அஞ்சுகிறாயே" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி அடுத்த நாளே மாடி ஏறினார், ஒன்றுக்கு மூன்று முறை ஏறினார், மயங்கி உட்கார்ந்துவிட்டார். தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் நேர்ந்திருக்கலாம்.

அப்போது நாம் சொல்லவேண்டியது எடையைப் பற்றி மட்டும் அன்று என்று புரிந்தது. கடைசி வளைவுகளில் நம் நாடித் துடிப்பு 141 வரை போனதைத் திரையில் பார்த்தோம். பார்த்தும் நிறுத்தவில்லை. மருத்துவர் கட்டிய எல்லை 130. அச்சத்தை வென்றோம் என்று நாம் பெருமைப்பட்ட அந்தக் காலையில் உண்மையில் நடந்தது, நமக்காகப் பிறர் கவலைப்பட்டு இட்ட வேலியை ஒரு திரைக் கையுறைக்காகத் தாண்டியதே.

கடினமான பாதையே நல்ல பாதை என்னும் எண்ணம் மனிதனிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுகத்தைத் தேடுவோன் தாழ்ந்தவன், துன்பத்தை ஏற்போன் உயர்ந்தவன் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். செயலிகளும் அதற்குத் தூபமிடுகின்றன. ஒவ்வொரு பாதையையும் முதன்முறை முடித்தால் ஒரு சின்னம், அதற்கு மதிப்பெண். எவரெஸ்டிங் என்றொரு நோன்பைச் சிலர் மேற்கொள்கிறார்கள். ஒரே மேட்டைத் திரும்பத் திரும்ப ஏறி 8,848 மீட்டரை ஒரே மூச்சில் சேர்ப்பது. எவரெஸ்டில் 1924-இல் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் பேரர், பாட்டனார் பெயரையே தாங்கியவர், 1994-இல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலைச் சாலையில் இதைச் செய்தார். அவருக்கு அது மெய்யான எவரெஸ்டுக்குரிய பயிற்சியாக இருந்தது. அவரைப் பின்பற்றி நம் திரை மலையை எட்டரை முறை ஏறுகிறவர்கள் எந்த எவரெஸ்டுக்குப் போகப்போகிறார்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். கேட்க நமக்கும் தகுதியில்லை.

ஆனால் சமவெளியைத் தேர்ந்த நம் முதல் ஆண்டை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறோம். அச்சத்தால் தேர்ந்தோம் என்பது மெய். தேர்ந்த பாதை சரியானது என்பதும் மெய். மலையைத் துணிவால் தேர்ந்தோம், பாதை தவறு. நோக்கத்தின் அழகு செயலுக்கு வந்துவிடுவதில்லை. நோக்கத்தின் அழுக்கும் அப்படியே. இதற்கு மேல் இவ்விரண்டையும் இணைக்கும் விதி ஏதேனும் உண்டா என்று பலநாள் யோசித்தும் நமக்குத் தெளிவு பிறக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் காட்டிய இரண்டு பழங்களும் ஒத்திருந்தன. நம்முடைய பாதைகள் ஒத்திருக்கவில்லை. ஒத்திருப்பதாக நாம் சொல்லிக்கொண்டோம். சேருமிடம் ஒன்று என்பதால் வழிகள் ஒன்றாகிவிடுவதில்லை. வழியில் நாடி துடிக்கிறது. வீட்டில் நம்மை நம்பும் சிலர் இருக்கிறார்கள்.

காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னோம்: ஆறு கிலோ, ஒன்றரை வளைவு, 141. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு விடைத்தாள் திருத்தியவர். கணக்கில் ஒருபடி விடுபட்டால் முழு மதிப்பெண் தராதவர். முடிவில், "தம்பி, அப்படியானால் அந்த மலையில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். இரண்டாவது வளைவில் என்றோம். "சரி, அங்கேயே இருங்கள். கீழே ஒருவன் மாடிப்படியில் இருக்கிறான். அவனிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

சொன்னோம். அந்தத் தம்பி கோபிக்கவில்லை. இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மறுவாரம் மனைவியோடு நம் வீட்டுக்கு வந்தார். நாடி காட்டும் பட்டையை மார்பில் கட்டிவிட்டோம். திரையில் பாதைகளின் பட்டியல் நீண்டு கிடந்தது. எரிமலை, கடலடிக் குழாய், லண்டன் பாலம். "மாமா, இதில் எது போகும்?" என்று கேட்டார். பாதையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, முதலில் அவருடைய எடையைக் கேட்டோம்.

75 என்றார். எழுதப் போனோம். மனைவி அவரைப் பார்த்தார்.

"இல்லை மாமா, 79" என்றார்.